கால் சுடாத இடம்

மொட்டை மாடியில் தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறது என்று கண்டுபிடிக்க எனக்குக் கருவி எதுவும் தேவைப்பட்டதில்லை. உச்சி வெயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பேன். தட்டு ஓடு பதித்த தளம் சித்திரை மாதத்தில் தோசைக்கல் மாதிரி கொதிக்கும். அதில் எங்காவது ஒரு முழ அகலத்துக்கு மட்டும் கால் சுடாது. குனிந்து பார்த்தால் மற்ற இடத்தைப் போலவே காய்ந்துதான் கிடக்கும். ஆனால் அந்த ஓட்டுக்கு அடியில் தண்ணீர் இருக்கும். போன மழைத் தண்ணீர், தளத்தின் சரிவு வாட்டம் சரியில்லாமல் உள்ளே இறங்கி, போக வழியில்லாமல் உட்கார்ந்திருக்கும். நேர் கீழே உள்ள அறையில் சீலிங் ஊறி உதிர்ந்துகொண்டிருக்கும்.

இருபத்திரண்டு வருடம் அந்த வேலை பார்த்தேன். சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் பக்கம் நான் ஏறாத மாடி குறைவு. வீட்டுக்காரர்களோடு பேசுவதை மேஸ்திரி பார்த்துக்கொள்வார். எனக்குப் பேச வராது. யாராவது நேராக முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டால் காது சூடாகி வாய் ஒட்டிக்கொள்ளும். மாடியில் அந்தத் தொல்லை கிடையாது.

பிறகு ஒரு நாள் சாரம் சரிந்து விழுந்தேன். இடுப்பெலும்பில் விரிசல் விட்டு, ஆறு மாதம் படுக்கை. எழுந்தபோது தரையில் நடக்க முடிந்தது, ஏணியில் ஏற முடியவில்லை. நான் வேலை பார்த்த வீட்டுக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு ஒரு ஆபீஸில் சேர்த்துவிட்டார். கேம்ப் ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேலே, இரண்டாவது மாடி. கூட்டிப் பெருக்கி, தண்ணீர் கேன் மாற்றி, காலையிலும் மாலையிலும் டீ போட்டுக் கொடுக்க வேண்டும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு அடியில் ஒரு பக்கெட் வைத்திருந்தார்கள். நிரம்பும்போதெல்லாம் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். ஒழுகும் கூரைகளை அடைத்துக்கொண்டிருந்தவன் ஒழுகும் ஏசிக்கு பக்கெட் தூக்கினேன்.

அங்கே ஏழு கம்ப்யூட்டர்கள். ஏழிலும் பனிக்கட்டிதான். முதல் நாள் நான் அதை உப்பளம் என்று நினைத்தேன்.

அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று புரிய எனக்கு இரண்டு மாதம் ஆனது. பூமியின் வட கோடியிலும் தென் கோடியிலும் கிலோமீட்டர் கணக்கில் கனமான பனி கிடக்கிறது. அங்கே கோடை வந்தால் மேல் பரப்பு உருகி, பள்ளமான இடங்களில் நீல நிறத்தில் தண்ணீர் நிற்கும். செயற்கைக்கோள்கள் மேலே சுற்றிச் சுற்றி வந்து அதைப் படம் எடுக்கின்றன. எந்த இடத்தில் எப்போது உருக ஆரம்பிக்கிறது, எவ்வளவு தூரம் பரவுகிறது என்று வெளிநாட்டில் சிலர் கணக்கு எடுக்கிறார்கள். அத்தனை படங்களையும் மனிதர்கள் பார்த்து முடிக்க முடியாது என்பதால் மெஷினுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். மெஷினுக்குக் கற்றுக்கொடுக்க, முதலில் யாராவது கையால் தண்ணீரைச் சுற்றிக் கோடு போட்டுக் காட்ட வேண்டும். அந்தக் கோடுதான் எங்கள் ஆபீஸின் வேலை.

ஒரே படம் மூன்று பேருக்குப் போகும். மூவரும் தனித்தனியாகக் கோடு போடுவார்கள். இரண்டு பேர் போட்டது ஒத்துப்போனால் அது சரி. மூன்றாவது ஆள் தப்பு. சுவரில் மாட்டிய டிவியில் எல்லாருடைய மார்க்கும் ஓடும். மேலே பச்சை, கடைசியில் சிவப்பு.

அந்த சிவப்புக்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார் டீம் லீடர். முப்பது வயது இருக்கும், எப்போதும் சிரித்த முகம். வாரக் கடைசியில் யார் சிவப்பில் இருக்கிறார்களோ, அவர்கள் திங்கட்கிழமை காலை எல்லாருக்கும் டீ கொடுக்க வேண்டும். என் கையிலிருந்து தட்டை வாங்கி, ஒவ்வொரு மேஜையாகப் போய் நீட்ட வேண்டும். மற்றவர்கள் கைதட்டுவார்கள். நான் தினமும் செய்யும் வேலை அவர்களுக்குத் தண்டனை. தட்டு கைமாறும் அந்தக் கால் மணி நேரம் எங்கே நிற்பது என்று தெரியாமல் நான் கழிவறைக் கதவோரம் சுவரில் சாய்ந்து நிற்பேன்.

எல்லாவற்றுக்கும் அங்கே சிரிப்புதான். ஒருநாள் படம் ஒன்றில் நீலம் அதிகமாக இருந்தது. பக்கத்து சீட்டில் இருந்த குரோம்பேட்டைக்காரர் பயந்த குரலில், "இன்னா ப்ரோ இது, மொத்தமும் உருகிடும் போலக்கீது?" என்றார்.

"உருகட்டும் ப்ரோ. உருகினாதான் நமக்கு ப்ராஜெக்ட்," என்றார் டீம் லீடர்.

என்னை அவர்கள் விளையாட்டில் சேர்த்துக்கொண்டது ஒரு சண்டையால். ஒரு படத்தில் கறுநீலமாக ஒரு திட்டு. குரோம்பேட்டைக்காரர் தண்ணீர் என்றார், எதிர் சீட்டில் இருந்தவர் மேக நிழல் என்றார். அப்போது நான் டீத்தட்டோடு நின்றிருந்தேன்.

"டீ அண்ணா, நீங்க மாடி வேலை பார்த்தவர்தானே? இது தண்ணியா, நிழலா? சமோசா பெட்டு!" என்றார் டீம் லீடர்.

எல்லோரும் திரும்பினார்கள். எனக்குக் காது சூடானது. ஆனால் படம் எனக்குத் தெரிந்த விஷயமாக இருந்தது. தண்ணீர் பள்ளத்தின் உருவத்தில்தான் நிற்கும். நிழல் மேட்டையும் பள்ளத்தையும் பார்க்காமல் குறுக்கே விழும். "நிழல்," என்றேன். ஒரு வாரம் கழித்து வெளிநாட்டிலிருந்து வந்த விடையும் அதேதான். அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. இரண்டு பேருக்கு வாக்குவாதம் என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். திரைக்கு முன்னால் நின்று பார்ப்பேன். அப்படிப் பார்க்கும்போது சில சமயம் வலது கால் தானாகச் செருப்பைவிட்டு வெளியே வந்து தரையில் படும். பழைய பழக்கம். நான் ஒரு வார்த்தை சொல்வேன், சிரிப்பார்கள், சமோசா வரும். டீ அண்ணா என்ற பெயர் போய் தண்ணி அண்ணா ஆனேன்.

என்னை அண்ணா என்று கூப்பிடாத ஒரே ஆள் அந்த டீச்சர். பத்தொன்பது வருடம் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் இருந்தவர். பிள்ளைகள் குறைந்து பள்ளியை மூடியபோது வேலை போய்விட்டது. எங்கள் ஆபீஸில் எல்லாரையும்விட மூத்தவர். கழுத்தில் சின்னச் சிலுவை, மடிப்புக் கலையாத காட்டன் புடவை. கிறிஸ்துமஸுக்கு அவர் கொண்டுவந்த கேக்கில் எனக்கும் மற்றவர்களுக்கும் ஒரே அளவு துண்டு. என்னை சார் என்று கூப்பிடுவார். முதலில் கேலி செய்கிறாரோ என்று நினைத்தேன். கேலி இல்லை. அவருக்கு வேறு மாதிரிக் கூப்பிடத் தெரியாது.

அவர் சீட் கடைசியில், கழிவறைக்குப் பக்கத்தில் இருந்தது. ஆடும் நாற்காலி. வேலைக்கான விதிமுறைகள் ஆங்கிலத்தில் நாற்பது பக்கம். அதை அச்செடுத்து, தைத்து, பென்சிலால் அடிக்கோடு போட்டு வைத்திருந்தது அவர் மட்டும்தான். மற்றவர்கள் முதல் பக்கத்தில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு வேலையை ஆரம்பித்தவர்கள்.

ஒருமுறை முதலாளி எல்லாருடைய விவரமும் கேட்டு ஒரு படிவம் அனுப்பினார். ஆங்கிலம். எனக்கு டீச்சர் எழுதிக் கொடுத்தார். படிப்பு என்று வந்தபோது எட்டாவது என்றேன். எட்டு இல்லாமல் ஆள் வைக்க மாட்டார்கள் என்று என்னைச் சேர்த்துவிட்டவர் சொல்லியிருந்தார்.

"எந்த ஸ்கூல் சார்?"

சொன்னேன். அவர் பேனாவை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார்.

"அங்க அஞ்சாவது வரைக்கும்தானே சார் இருந்துச்சு?" மற்றவர்களுக்குக் கேட்காத குரலில்தான் கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன். அவர் குனிந்து எட்டு என்று எழுதினார். அவசரத்துக்குக் கூப்பிட ஒரு நம்பர் கேட்டது படிவம். என் மனைவியின் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை, போனில் தேடத் தடுமாறினேன். "சரி, எங்க வீட்டுக்காரர் நம்பரைப் போடறேன். அவர் எப்பவும் வீட்டுலதான். வலது கை கால் வராது, ஆனா போன் எடுப்பார். நீங்களும் சேவ் பண்ணிக்கோங்க," என்று என் போனை வாங்கி அவரே பதிந்து கொடுத்தார்.

மதியம் அவர் சாப்பிடும் நேரத்தில் அவர் சீட்டில் உட்கார்ந்து மவுஸ் பிடித்துப் பழகவும் விட்டார். ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து நான் பனியின் மேல் கோடு போட்டேன். இருபத்திரண்டு வருடம் வெயிலில் தேடிய தண்ணீரை ஏசியில் உட்கார்ந்து தேடலாம் என்பது எனக்குப் பெரிய ஆசையாக வளர்ந்தது. ஒரு சீட் வேண்டும். அதைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் இருந்தேன்.

டீச்சர் சிவப்பில் விழ ஆரம்பித்தது அந்த ஊர்களில் கோடை முடிகிற சமயத்துப் படங்கள் வந்தபோது. எங்களுக்கு இரண்டு வகைப் படம் வரும். ஒன்று கலர், நம் கண் பார்ப்பது போல. இன்னொன்று கறுப்பு வெள்ளை. அது ரேடார் படம், மேகம் இருட்டு எதையும் தாண்டிப் பார்க்கும், மேல் பனியைத் தாண்டிக் கொஞ்சம் அடியிலும் பார்க்கும். கோடை முடிந்ததும் நீலக் குட்டையின் மேல் புதுப்பனி விழுந்து மூடிவிடும். கலர் படத்தில் வெறும் வெள்ளை. ஆனால் உள்ளே தண்ணீர் உறையாமல் இருந்தால் ரேடாரில் கறுப்பாகத் தெரியும். அந்த இடத்தைப் புள்ளிக்கோட்டால் சுற்ற வேண்டும் என்று நாற்பது பக்கத்தில் ஒரு பக்கம் சொல்கிறது. அதைப் படித்தது டீச்சர் ஒருவர்தான். அவர் புள்ளிக்கோடு போட்டார். மற்ற இருவரும் வெள்ளை என்று விட்டுவிட்டார்கள். மூன்றில் இரண்டு.

தொடர்ந்து ஐந்து திங்கட்கிழமை அவர் டீ கொடுத்தார். தட்டைப் பிடித்துக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தன்னிடம் படித்த பிள்ளைகள் வயதுள்ளவர்களிடம் நீட்டினார். கைதட்டல். "டீச்சர், தண்ணி அண்ணாவுக்கும் ஒண்ணு குடுங்க, பாவம்!" என்பார் டீம் லீடர்.

அவர் கழிவறைக் கதவோரம் நடந்து வந்து, "எடுத்துக்கோங்க சார்," என்பார்.

நான் எடுத்துக்கொள்வேன். வேண்டாம் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. அந்த ஆபீஸில் எனக்கு யாரோ டீ கொண்டுவந்து கொடுத்தது அந்தத் திங்கட்கிழமைகளில் மட்டும்தான். மூன்றாவது வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை இரவே அந்த டீ ஞாபகம் வரும். அவர் சிவப்பிலேயே இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை டிவியில் அவர் பெயர் கடைசியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

அவர் டீம் லீடரிடம் விதிமுறையைக் கொண்டுபோய்க் காட்டினார்.

"மேடம், மூணுல ரெண்டு. சிஸ்டம் அப்படித்தான்."

"அந்த ரெண்டு பேரும் படிக்கலைன்னா?"

"அப்ப உலகமே படிக்கலை, நீங்க மட்டும் படிச்சிருக்கீங்க. விடுங்க டீச்சர், ஹோம்வொர்க் எல்லாம் வேணாம்."

சிரித்தார்கள். அவர் சீட்டுக்குத் திரும்பி முதலாளிக்கு ஆங்கிலத்தில் ஒரு மெயில் எழுதினார். வெள்ளிக்கிழமை தானே வந்து பார்ப்பதாக முதலாளி பதில் போட்டார்.

வியாழக்கிழமை மாலை டீம் லீடர் என்னைப் படிக்கட்டுக்கு அழைத்துப்போனார். கீழே பேக்கரியிலிருந்து பன் வாசனை வந்துகொண்டிருந்தது.

"அண்ணா, மதியானம் டீச்சர் சீட்ல உக்காந்து கோடு போடறீங்கல்ல? பார்த்தேன். நல்லாப் போடறீங்க. நாளைக்கு முதலாளி அவங்களை அனுப்பிடுவார், அந்த சீட் காலியாகும். எனக்கு ரொம்பப் படிச்சவங்க வேணாம். சொன்னதைச் செய்யறவங்க போதும். புரியுதா?"

தலையாட்டினேன்.

"நீங்க எதுவும் பேச வேணாம். அதுதான் உங்ககிட்ட எனக்குப் பிடிச்சதே," என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை முதலாளி வந்தார். உட்காரவில்லை. கையில் கார் சாவி. டிவியில் டீச்சரின் படம் ஒன்றைப் போட்டார்கள். டீச்சர் பாடம் நடத்துவது போல ஒழுங்காகச் சொன்னார். பத்து நாளுக்கு முன் இதே இடம் நீலம், இப்போது வெள்ளை, ரேடாரில் இன்னும் கறுப்பு, ஆகவே மேலே மூடியிருந்தாலும் உள்ளே தண்ணீர். முதலாளி இரண்டு முறை வாட்சைப் பார்த்தார்.

டீம் லீடர் கலர் படத்தைப் பெரிதாக்கினார். டிவி முழுக்க வெள்ளை. "சார், நீங்களே சொல்லுங்க. இதுல தண்ணி எங்க சார் இருக்கு?" முதலாளியும் சிரித்துவிட்டார்.

டீச்சர் சிரிப்பு அடங்கும்வரை நின்றார். பிறகு சொன்னார்: "தண்ணின்னா இவரைத்தானே கூப்பிடுவீங்க? இப்பவும் கூப்பிடுங்க. சார் பார்க்கட்டும். அவர் இல்லைன்னு சொன்னா நான் ஒத்துக்கறேன்."

டீம் லீடர் என்னைப் பார்த்தார். "ஓகே. தண்ணி அண்ணா, வாங்க. தீர்ப்பு சொல்லுங்க."

நான் பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு டிவிக்கு முன்னால் போய் நின்றேன்.

இரண்டு படத்தையும் பார்த்தேன். ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. வெள்ளையின் நடுவில் லேசான தாழ்வு, ஓரம் வட்டமாக உள்வாங்கியிருந்தது. வாட்டம் நாலு பக்கமிருந்தும் அதை நோக்கித்தான் இறங்கியது. ரேடாரில் அதே வட்டம் கறுப்பு. சீலிங்கில் ஊறிய கறை மாதிரி. மேலே காய்ந்து, உள்ளே நிற்கிற தண்ணீர். அப்படிப்பட்ட எத்தனை இடத்தில் உளி வைத்து ஓட்டைப் பெயர்த்துக் காட்டியிருக்கிறேன். காட்டியதும் வீட்டுக்கார அம்மாக்கள் வாயில் கை வைப்பார்கள்.

முதலாளி, "சொல்லுப்பா," என்றார்.

"இல்ல சார். காஞ்சிடுச்சு."

யாரோ விசில் அடித்தார்கள். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்று. இவன் ஐந்தாவதுகூடச் சரியாகப் படிக்காதவன், படிவத்தில் பொய் எழுதியிருக்கிறான் என்று அவர் சொல்லிவிடுவார். சொல்லியிருந்தால் நானும் அன்றே வெளியே போயிருப்பேன். அதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அவர் பார்வை என் முகத்திலிருந்து இறங்கித் தரைக்குப் போனது. அங்கே சற்று நேரம் நின்றது. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி," என்றார். "ஒத்துக்கறேன்னு சொன்னேன்ல."

சாப்பாட்டுப் பாத்திரத்தையும் குடையையும் எடுத்துக்கொண்டார். தைத்து வைத்திருந்த நாற்பது பக்கத்தை மேஜையிலேயே விட்டார். கதவைத் திறந்தபோது என் பக்கம் திரும்பி, "வரேன் சார்," என்றார். மற்ற யாரிடமும் சொல்லவில்லை. நான் பக்கெட்டை எடுத்துக்கொண்டு கழிவறைக்குள் போனேன். அது பாதிகூட நிரம்பவில்லை.

திங்கட்கிழமை அந்த சீட்டில் உட்கார்ந்தேன். நாற்காலி ஆடவில்லை. குனிந்து பார்த்தால் ஒரு காலுக்கு அடியில் அட்டையை நான்காக மடித்து வைத்திருந்தார். பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டின் அட்டை. அந்தக் கடைசி நாளில்தான் வைத்திருக்க வேண்டும்.

டீக்கு ஒரு மெஷின் வாங்கினார்கள். சிவப்பில் இருப்பவர் மெஷினில் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று வழக்கம் மாறியது. நான் ஒருமுறைகூட சிவப்பில் விழவில்லை. அது ரொம்ப சுலபம். மற்ற இருவரும் என்ன போடுவார்கள் என்று நினைத்து அதையே போட்டேன். வெள்ளைக்கு அடியில் தண்ணீர் தெரிந்த இடங்களை எல்லாம் விட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போனேன். கூச்ச சுபாவம் உள்ளவனை ஜனங்கள் நல்லவன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் மனைவியும்கூட, "இவருக்கு வாயும் இல்லை, சூதும் இல்லை, அதான் கடவுள் சீட் குடுத்தார்," என்று அக்கம்பக்கத்தில் சொன்னாள்.

மூன்று மாதம் கழித்து வெளிநாட்டிலிருந்து பெரிய மெயில் வந்தது. டீம் லீடர் அதை நின்றுகொண்டே படித்தார், முதல்முறையாகச் சிரிப்பில்லாமல். மூடிய குட்டைகளை நாங்கள் விட்டுவிட்டோம். வேறு வழிகளில் அவர்கள் சரிபார்த்தபோது அந்த இடங்களில் தண்ணீர் இருந்தது உறுதியாகிவிட்டது. எங்கள் ஆபீஸிலிருந்து ஒரே ஒருவர் மட்டும் எல்லா இடத்திலும் சரியாகப் புள்ளிக்கோடு போட்டிருக்கிறார், அவரை வைத்து மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அத்தனை படங்களையும் திரும்பச் செய்ய வேண்டும்.

குரோம்பேட்டைக்காரர் சொன்னார்: "டீச்சர்ப்பா அது. ஐயோ, அவங்களைக் கூப்பிடுங்க ப்ரோ. எதனா சமாதானம் சொல்லி இட்டாந்துரலாம்."

டீம் லீடர் போன் போட்டார். ஆபீஸில் இருந்த நம்பர் அணைந்து கிடந்தது. இரண்டு முறை முயன்றுவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணா, உங்ககிட்ட நல்லாப் பேசுவாங்கல்ல? வேற நம்பர் ஏதாவது இருக்கா?"

போன் என் சட்டைப்பையில் இருந்தது. டீச்சர் வீட்டுக்காரர் என்று அவரே பதிந்து கொடுத்த நம்பர் அதில் இருந்தது. என் படிவத்திலும் இருந்தது, பீரோவில், கைக்கெட்டும் தூரத்தில். அவர் வந்தால் எந்த சீட்டில் உட்காருவார் என்று நான் யோசித்தேன்.

"இல்லீங்க," என்றேன்.

பயிற்சியை என்னையே கொடுக்கச் சொன்னார்கள். நான் நின்று பேச வேண்டியிருக்கவில்லை. கேட்டதற்கு இரண்டு வார்த்தை சொன்னேன், மாடித் தளம், கால் சுடாத இடம் என்று. டீம் லீடர் அதை ஆங்கிலத்தில் எழுதி, ஒரு வெறுங்கால் படமும் போட்டு முதலாளிக்குக் காட்டினார். முதலாளி எனக்கு ஒரு ஜோடி கறுப்பு ஷூ வாங்கி அனுப்பினார். "இனிமே செருப்பு வேணாம். நீங்க ஸ்டாஃப்," என்றார்கள். ஷூ கடித்தது. மேஜைக்கடியில் அப்படியே வைத்துவிட்டு செருப்பிலேயே போய்வந்தேன்.

டீச்சரை அதன் பிறகு ஒரே ஒருமுறை பார்த்தேன். ஒரு சனிக்கிழமை காலை, திருநீர்மலைக் கோவிலுக்குப் போக தாம்பரத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். என் இடுப்பு சரியானால் இருவரும் மலையேறுவதாக மனைவி வேண்டியிருந்தாள், அவளுக்குக் காய்ச்சல் என்று நான் தனியாக வந்திருந்தேன். ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்தில் கம்பெனி பஸ்ஸுக்குப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒரே நிற மேல்கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் இருக்கும் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள். அந்த வரிசையில் டீச்சர் இருந்தார். நான் பார்ப்பதற்கு முன்பே அவர் என்னைப் பார்த்துவிட்டார். ஒளிந்துகொள்ள இடம் இல்லை.

"நல்லா இருக்கீங்களா சார்?"

"ம்."

"நான் பேக்கிங் செக்ஷன்ல இருக்கேன். நின்னுக்கிட்டே வேலை." அவர் காலைப் பார்த்தேன். கணுக்கால் வீங்கி, செருப்பு வார் சதையில் பதிந்திருந்தது. "சீட் கிடைச்சுதா?"

தலையாட்டினேன்.

"அட்டையை எடுத்துடலையே? எடுத்தா ஆடும்."

"இல்ல டீச்சர்."

அவருக்குப் பின்னால் நின்ற பெண், "யாருக்கா, சொந்தமா?" என்று கேட்டார். "கூட வேலை பார்த்தவர். ரொம்ப நல்ல கண்ணு இவருக்கு," என்றார் டீச்சர். கிண்டலே இல்லாத குரல். மெயில் வந்ததையும் அவரைத் தேடியதையும் அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். என் சட்டைப்பையில் அந்த போன் இருந்தது. வாய் ஒட்டிக்கொண்டது. இந்த முறை அது கூச்சம் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

கம்பெனி பஸ் வந்து நின்றது. வரிசை நகர்ந்தது. அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கம் குனிந்தார், அன்று படிவம் எழுதியபோது பேசிய அதே குரலில்.

"சார், நீங்க படம் பார்க்கறப்ப ஒரு பழக்கம் உண்டு, உங்களுக்கே தெரியுமோ என்னமோ. நிழல்னா சும்மா நிப்பீங்க. தண்ணின்னா வலது கால் செருப்பை விட்டு வெளிய வந்துடும். ஒரு தடவைகூட மாறினதில்ல. அதனாலதான் அன்னிக்கு உங்களைக் கேக்கச் சொன்னேன்."

நான் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன்.

"நீங்க இல்லன்னு சொன்னப்ப உங்க கால் தரையில இருந்துச்சு சார். அஞ்சு விரலும்."

"ஏறும்மா, டைம் ஆவுது!" என்று டிரைவர் கத்தினார். அவர் கைப்பிடியைப் பிடித்து, ஒரு காலை இழுத்து வைத்து மெதுவாக ஏறினார். பஸ் பெருங்களத்தூர் பக்கம் போனது. எனக்கான பஸ் வந்தது, போனது. நான் மலைக்குப் போகவில்லை. மனைவியிடம் போய்வந்ததாகச் சொன்னேன்.

திங்கட்கிழமையிலிருந்து ஷூ போட்டுக்கொள்கிறேன். ஆபீஸில் எல்லோரும் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். குதிகாலில் முதல் வாரம் தோல் உரிந்தது, பிறகு காய்த்துவிட்டது. இப்போது வடக்கே கோடை ஆரம்பித்திருக்கிறது. புதுப் படங்கள் வந்துகொண்டே இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் போன வாரத்தைவிட நீலம் அதிகம். இன்னும் யாராவது வாக்குவாதம் செய்தால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். எழுந்து போய்த் திரைக்கு முன்னால் நிற்கிறேன். போவதற்கு முன் குனிந்து நாடாவை இறுக்கிக்கொள்வேன். உள்ளே விரல்கள் அசைவது யாருக்கும் தெரிவதில்லை.